சாக்கில் ஆடிய செல்வியின் எழுத்து

என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, என் வாய்க்குச் சரிக்குச் சரி நின்ற செல்விக்கு,

வட்டவளையில் மூன்று நாளாக மழை. உன் சேவல் இன்னும் என்னைக் கண்டால்தான் கொத்த வருகிறது. நீ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாயோ?

ஒரு பொய் சொல்லிவிட்டேனடி. அதைச் சொல்லத்தான் மூன்றாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு இந்தக் கடிதம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குகள் மாறிப்போகின்றன என்று, கூரைத் தகரத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் எல்லோர் பெயரையும் எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு எழுத்தும் இடுப்பை வளைத்து வாலைச் சுழற்றி நிற்கும்.

"என்னாடி, ஒன் எழுத்தெல்லாம் கள்ளு குடிச்சிட்டு ஆடுது?" என்பேன்.

நீ சும்மா இருப்பாயா? என் சாக்கில் மட்டும் 'மாரியம்மா'வின் கடைசித் துணைக்காலைச் சாக்கின் அடிவரைக்கும் இழுத்துவிட்டு, "ஒங்க நாக்கு நீளம் மதினி, இதுக்கு மேல சாக்குல எடமில்ல" என்றாய்.

நீ போன நாலாம் மாதம், எழுத்து வரையப் படிக்கிற அனுஷா என்ற பிள்ளை பொல்பிட்டியவிலிருந்து வந்து அந்தச் சாக்குகளைப் போட்டோ எடுத்தது. யார் எழுதியது என்று கேட்டது. "வேற யாரு, நாந்தான்!" என்றேன். சுற்றி நின்றவர்கள் வேடிக்கையென்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. எழுதிக் காட்டச் சொன்னபோது கை சுளுக்கு என்றேன்.

அந்தப் போட்டோக்களைப் பார்த்து அது வரைந்து கொடுத்ததில், இப்போது உன் எழுத்து கம்ப்யூட்டரில் தட்டினால் வருகிறது. அதற்குப் பெயர் 'மாரியம்மா'. அட்டன் பேக்கரிப் பலகையில் அதுதான். நல்லதண்ணியில் சிவனொளிபாத மலை சீசன் கடைகளிலும் அதுதான். டவுனில் கண்டவர்களெல்லாம் என்னைப் பாராட்டினார்கள். இனித்தது. வாயை மூடிக்கொண்டேன். நானா வாயை மூடினேன் என்று கேட்கிறாயா?

நாளைக்கு உனக்கு வருசத் திதி. பேனர் வாங்கப் போனால் அச்சுக்கடைத் தம்பி சிரித்தபடி விரித்தான். "ஒங்க எழுத்துலயே போட்டுருக்கேன் அக்கா."

உன் போட்டோ. அதற்குக் கீழே ஆடிக்கொண்டு உன் பெயர்.

வீட்டில் என் தம்பி அதைப் பார்த்தான். "அக்கா, இது செல்வி கை மாதிரியே இருக்கு."

"கம்ப்யூட்டருக்கு ஏதுடா கை?" என்று கேலி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. உன் பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றான். உன் புருசனிடமிருந்தே உன் கையைப் பிடுங்கிவிட்டேனடி. எந்த முகத்தோடு உனக்கு விளக்கு ஏற்றுவேன்?

காலையில் அனுஷாவுக்குப் போன் பண்ணிப் பெயரை மாற்றச் சொல்கிறேன். பிறகு பேனருக்குப் பக்கத்தில் என் சாக்கைத் தொங்கவிட்டு, இந்தக் கடிதத்தை நம் லயத்து வரிசை வீடுகளின் சனம் முன்னால் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கிறேன். முதல் ஆளாகத் தம்பியை உட்காரவைப்பேன். அவர்கள் சிரித்தாலும் திட்டினாலும் நிறுத்தமாட்டேன்.

நீ இழுத்துவிட்ட கோடு அளவுக்கு நாக்கு நீண்ட,
உன் நாத்தனார் மாரியம்மா