ஞாயிற்றுக்கிழமை வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், தூக்கத்தைத் தவிர. மேம்பாலத்தில் லாரி போகும்போதெல்லாம் நம் படுக்கையறை ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுமே, அது இப்போதும் ஆடுகிறது. அவர் எழுந்து உட்கார்ந்து அதை முறைக்கிறார், காலையில் அந்தக் கோபத்தை என்னிடம் காட்டுகிறார். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். எங்கே சொல்ல? உன் அழைப்பு வந்தாலே ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் நீ அதே ஸ்பீக்கரில், "அப்பா ஆசைப்படறார், நீ எதுக்கெடுத்தாலும் குறை சொல்லாதம்மா" என்றாய். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது. சரி, அந்தக் குறை என்ன என்று முழுதாகக் கேட்டுக்கொள்.

நகரத்துக்கு வெளியே, அமைதியான இடத்தில், நம் சக்திக்குள் ஒரு வீடு. எனக்கு மட்டும் வேண்டாமா? பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத அறையில் ஆட்களை உட்கார வைத்துக் காது சோதிக்கிறேன், சாயங்காலம் திரும்பி வந்து இந்த மேம்பாலத்தடியில் குடியிருக்கிறேன். உன் அப்பாவை விட எனக்குத்தான் அது அதிகம் வேண்டும். ஆனால் அதைத் தேடின அழகைச் சொல்கிறேன். புரோக்கர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு நான் வைத்த பெயர் அஞ்சு நிமிஷத்தார். பஸ் நிறுத்தம் அஞ்சு நிமிஷம், டாக்டர் அஞ்சு நிமிஷம், கடைத்தெரு அஞ்சு நிமிஷம். அந்த மனிதர் பூமியையே அஞ்சு நிமிஷத்தில் சுற்றி வந்துவிடுவார். உன் அப்பா சும்மா இருப்பாரா, சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டார். போகிற இடமெல்லாம் அதைக் கையில் ஏந்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சுவரோரம் சுவரோரமாக நடக்கிறார். கடைசியாகக் காட்டின வீட்டில் ஆப்பின் முள் அசையவே இல்லை. "பாத்தியா, பாத்தியா" என்று அவர் கத்தினபோதுதான் அது எழுந்து ஆடியது. வீடும் மோசமில்லை, காற்றோட்டமான இரண்டு அறை, பின்னால் கிணறு, பக்கத்தில் ஒரு பெரிய மரம். விலை பாதிக்குப் பாதி. ஏன் இத்தனை மலிவு என்று கேட்டேன். அஞ்சு நிமிஷத்தார் என்னைப் பார்க்காமல் உன் அப்பாவைப் பார்த்து, "மேடம் ரொம்ப யோசிக்கிறாங்க சார்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மரத்தின் இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. மழை இல்லாத தூசி என்றார் அஞ்சு நிமிஷத்தார். அப்போது பக்கத்து வீட்டம்மா வேலியருகே வந்தார். இங்கே சத்தம் எப்படி என்று கேட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றபடி, "சத்தமா? இங்க ஒரு சத்தமும் கிடையாதும்மா!" என்று கத்தினார் பார், மரத்திலிருந்த காக்கை பறந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. நான் இருமுவதுபோல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்தம்மா அன்பாகச் சிரித்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன், காய் வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை அமைதியான தெருவில் எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்று திரும்பும் வழியில் உன் அப்பாவைக் கேட்டால், "வெள்ளந்தி ஜனங்க, மனசு விட்டுப் பேசறாங்க. உனக்கு ஆளைப் பார்த்தாலே பேஷண்ட்டா தெரியும்" என்கிறார். ஊரில் இருப்பவர்களெல்லாம் காதைக் காட்ட என்னிடம் வருகிறார்கள், வீட்டில் ஒருவர் காதிலும் நான் விழுவதில்லை.

நாங்கள் போனது இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு லீவு அன்றைக்குத்தானே. அதனால் புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அஞ்சு நிமிஷத்தார் காரில் ஒரு மணி நேரமான பயணம் பஸ்ஸில் உச்சிவெயில் வரைக்கும் இழுத்தது, பாதி தூரம் நின்றபடி. இறங்கும்போதே காலுக்கடியில் தரை அதிர்வது தெரிந்தது. மரத்துக்குப் பின்னால் மேடு ஒன்று இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் கல்குவாரி. கல்லை உடைத்து ஜல்லியாக்கும் மெஷின் வாரம் பூராவும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டம்மாவிடம் சாவி வாங்கி, கூடத்தில் நின்று உன் அப்பா ஆபீசுக்குப் போன் போட்டேன். "எந்த பஸ் ஸ்டாண்டுல நிக்கிற? ஒண்ணும் கேக்கல, ஏதாவது வீட்டுக்குள்ள போய்ப் பேசு" என்றார். வீட்டுக்குள்தான் நிற்கிறேன், நீங்கள் வாங்கப்போகிற வீட்டுக்குள் என்று கத்தினேன். அதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் சொன்னேன். வேண்டுமென்றே வேலைநாளாகப் பார்த்துப் போயிருக்கிறேனாம், குறை கண்டுபிடிக்க. வருஷத்தில் முக்கால்வாசி வேலைநாள்தானே என்றால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்கிறார். உன் சித்தப்பா, வெளியூரில் வீடு கட்டிப் போட்டுவிட்டு அதைப் போனில் மட்டும் பார்க்கிற மகானுபாவர், "பழகிட்டா கேக்காது அண்ணி" என்று ஆறுதல் சொன்னார். அதைத்தான் நானும் சொல்கிறேன். பழகிவிட்டால் கேட்காது, எதுவுமே கேட்காது. அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், பாப்பா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நியாயமில்லை. இரண்டாவது தடவை போனபோது உன் அப்பா காலி அறையில் சுவரில் சாய்ந்தார், அப்படியே வெறுந்தரையில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, கை கால் தளர்ந்து, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்குவாரே, அப்படி. போன் பக்கத்தில் கிடந்தது, முள் அசையவில்லை. அஞ்சு நிமிஷத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாசலிலேயே நிறுத்தி வாயை மூடச் சொன்னேன். உன் அப்பா கண் விழிக்கும் வரை நானும் அசையவில்லை. அந்தத் தூக்கம் அவருக்கு வேண்டும். அந்த வீட்டில் அது வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அதற்காக இப்போது இருக்கும் வீட்டை விற்றுவிட்டால் திரும்பி வர இடமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கும் ஞாயிற்றுக்கிழமைதான். நான் சொன்னால் குறை, நீ சொன்னால் யோசனை. ஆகவே வீடு வேண்டாம் என்று சொல்லாதே, அம்மா எழுதினாள் என்றும் சொல்லாதே. ஒரு வேலைநாளில் லீவு போட்டு, அந்த ஆப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வாங்கப்பா என்று மட்டும் சொல். போய் நின்றால் போதும், மிச்சத்தை மேடு சொல்லும். அப்புறம் வேறு வீடு தேடலாம், நானும் கூடவே அலைகிறேன், முணுமுணுக்க மாட்டேன்.

காதில் அந்த இயர்போனை மாட்டிக்கொண்டே தூங்காதே. நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் உனக்கு எப்போதும் இருக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே அப்பாவைக் கூப்பிடு, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா