வாயால் வாங்கிய ஆறு

நாரைக்கொடி நிழலில் நெல்லும் நீதியும் தழைக்க வீற்றிருக்கும் தண்பணை நாட்டு வேந்தர் திருவாணைப்படி, பேரமைச்சன் ஆலங்கிழான் விடுக்கும் ஓலை. கடைமடைக் கொற்றங்குடியின் நீரதிகாரி செங்கோடனார் கைக்கொண்டு காண்க. உம் ஊரும் உம் ஏரும் வாழ்க.

மூன்று திங்களாக ஆற்றில் நீரின்றிப் பயிர் கருகியதையும், மலைநாட்டரசி பொன்னிலையார் மேலணையை அடைத்ததையும், பொன்னும் முத்தும் சுமந்து சென்ற நம் தூதர் மூவர் முகம் வாடித் திரும்பியதையும் நீர் அறிவீர். நான்காவதாகச் சென்றவர் எயிலூர் மருதங்கோ. கையில் ஓர் எலுமிச்சம்பழம்கூட இல்லாமல் அவர் புறப்பட்டபோது அவையே சிரித்தது; யாமும் சிரித்தோம், மறைப்பானேன்.

தாகமென்று வந்தவன் கைகுவித்தால், அவன் போதுமென்று சொல்லும்வரை நீர் வார்ப்பதை நிறுத்தலாகாது என்பது மலைநாட்டு வழக்கு. மருதங்கோ அரசியின் முன் சென்று தாகமென்றார். அரசியே செம்பெடுத்து வார்த்தார். ஏழு குடம் ஒழிந்தும் குவித்த கை தாழவில்லை. காரணம் வினவிய அரசியிடம், அத்தாகம் தண்பணை நாட்டுக் கடைசி வயலின் தாகமென்றும், அவ்வயல் நனையும்வரை தம் நா போதுமென்னும் சொல்லை உரைக்காதென்றும் பணிந்து விண்ணப்பித்தார். ஏமாற்றென்று சிலர் வாளுருவினர். அரசியோ வாய்விட்டு நகைத்து, மேலணையைத் திறக்கப் பணித்தார். மானமுள்ள அரசி, அந்த மானத்தை நம்பித்தான் நம்மவர் போனார். ஒரு பொய்யும் சொல்லாமல் பேசியே ஓர் ஆற்றை வாங்கியவர் நம் நாட்டவர் என்று நெஞ்சு நிமிர்ந்து எழுதுகிறோம்.

கை தாழ்ந்தால் தாகம் தீர்ந்ததென்று பொருளாகி மதகு அடைபடும். ஆகவே ஒன்பது நாளாக அவர் குவித்த கையோடு அமர்ந்திருக்கிறார். சோற்றைப் பிறர் ஊட்டுகின்றனர். உறங்குகையில் தலைப்பாகைத் துணியால் மணிக்கட்டுகளைப் பிணிக்கச் சொல்கிறார். முழங்கை வீங்கியது கண்டு அரசியே பஞ்சணை கொடுத்தாராம்.

இதற்கிடையே, வயல் நனைந்த செய்தியை அவருக்கு அனுப்பச் சற்றே தாமதித்தால் ஏரிகளையும் நிரப்பிக்கொள்ளலாமென்று நம் அவையில் சிலர் ஓதினர். வேந்தர் அவர்களை எழுந்து வெளியேறச் சொன்னார்.

ஆதலின் ஆணையாவது: உம் கடைசி வயல் நனைந்த நாழிகையிலேயே குதிரைவீரனை மலைநாட்டுக்கு விரட்டுக. உம் ஊர் ஏரி வறண்டிருப்பதை அறிவோம். அது வறண்டே இருக்கட்டும். போதுமென்று சொல்லும்போது மருதங்கோவின் நா கூசலாகாது.

இதற்கு நாரை முத்திரை சாட்சி.