இரண்டு சிமிட்டல், பிறகு நான்கு

நேற்று பங்சாரில் என் காரைப் பழுதுபார்க்க விட்டேன். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினார். பழுது இன்னதென்று திரையில் எழுத்தாகவே வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து, "என்ன ஆன்டி?" என்றார். உன் கொண்டை ஊசியைப் பற்றி அவரிடம் எங்கிருந்து தொடங்குவது, தோழி?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் நீ மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. பெட்டாலிங் ஜெயாவில் இருவருக்கும் ஒரே அலுவலகம். கிள்ளானிலிருந்த உன் அண்ணன் தன் பழைய காரை உனக்குத் தந்தபோது, பஸ்ஸுக்கு முண்டியடித்த நம் காலம் முடிந்தது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இன்ஜினில் கை வைக்கக்கூடாது, வைத்தால் கார் அவரிடமே திரும்பிவிடும். நீ பணிவாகத் தலையாட்டினாய். அடுத்த மாதமே ஏர் ஃபில்டரை நாமே மாற்றலாம் என்றாய்.

மாற்றினோம். காரைக் கிளப்பியதும் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் சரியில்லை என்றேன். வேறு நிலையத்தில் ஊற்றினோம். ஸ்பார்க் பிளக் என்றாய், நான்கையும் மாற்றினோம். விளக்கு அணையவில்லை. ஒரு பட்டறைக்காரர் காரின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மறுபடி பஸ்தான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நீ ஒரு தடித்த பழுதுபார்ப்புப் புத்தகத்தோடு வந்தாய். இன்ஜின் அருகிலுள்ள பெட்டியில் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால், விளக்கு தன் குறையைச் சிமிட்டிச் சொல்லுமாம். கம்பி இல்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாய். முடி தோளில் அவிழ்ந்து விழுந்தது. நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டு எண்ணினேன். இரண்டு சிமிட்டல், ஓர் இடைவெளி, பிறகு நான்கு.

இருபத்து நான்கு என்றால் உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார். ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாய். அதன் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டரை மாற்றும்போது அதைக் கழற்றியது நீ. திரும்ப மாட்ட வேண்டியவள் நான். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

"மாட்டாதது நீ, பாக்காதது நான். சரியாப் போச்சு லா," என்றாய். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். "ஊரெல்லாம் தேடினோம்டி. நாம கை வெச்ச எடத்த மட்டும் பாக்கல."

ஒயரை மாட்டி, பேட்டரி இணைப்பைச் சற்று நேரம் கழற்றிவிட்டுத் திரும்பப் பொருத்தினோம். விளக்கு அணைந்தது.

மறைத்துவிடலாம் என்று நான் கெஞ்சியும் நீ கேட்கவில்லை. மறுநாள் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாய். அவர் தலைநிமிராமல் சாப்பிட்டார். நான் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவி வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த ஊசி இருக்கா? என் கார்ல மூணு மாசமா அந்த லைட்டு எரியுது."

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. போன மாதம் என் மகள் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். மாப்பிள்ளை மீதும் அவள் வேலை மீதும் பழி போட்டுப் பார்த்தேன். பிறகு நான் கடைசியாக அவளிடம் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். சொன்னது எனக்கே சுட்டது. உடனே போன் செய்து, "தப்பு என்னோடதும்மா," என்றேன். அன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டாள்.