படத்தை விரித்த பிறகும்

அண்ணே,

இன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டிவி அகலமானது, படமோ அந்தக் காலத்துச் சதுரத் திரைக்கு எடுத்தது. இழுத்து நிரப்பியிருந்ததால் எல்லார் கன்னமும் உப்பித் தெரிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நாம் எடுத்த படம்தான் காரணம். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை வந்ததே பெரிது. வெளிநாட்டு டிவிக்கு அகலப் படம், சென்னைச் சேனலுக்குச் சதுரப் படம். இரண்டும் ஒரே டேப்பிலிருந்து வர வேண்டும். தேவகோட்டையில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நீங்கள் வீடுகளைச் சுற்றிக்காட்டிப் பேச ஒத்துக்கொண்டீர்கள். சதுரத்தில் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் உங்களை எப்போதும் நடுவிலேயே நிறுத்துவேன். "அந்தத் தூணுப் பக்கம் நான் போகவே கூடாதாக்கும்?" என்று சிரிப்பீர்கள்.

அகலக் காட்சியை நெருக்கிப் பதிவுசெய்யும் கேமரா அது. என் ஸ்டுடியோவின் சதுர டிவியில் போட்டால் ஆட்கள் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிவார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னப்பா, என்னைய ஒட்டடைக்குச்சி ஆக்கிட்ட?" என்றீர்கள்.

"இங்குட்டுத்தான் அப்படித் தெரியும்ணே. சென்னையில விரிச்சாச் சரியாயிரும்."

ஞாயிறுகளில் மட்டும் எடுத்ததால் மாதக்கணக்கில் இழுத்தது. ஒருநாள் மதினி, "அவுக சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. சோறும் இறங்க மாட்டேங்குது" என்றார். நீங்கள் என்னைக் காட்டி, "எல்லாம் இவன் கேமரா பண்ற வேலை" என்றீர்கள். மூவரும் சிரித்தோம். வாரம் தவறாமல் உங்களை நேரில் பார்த்தவன்தான் நான். ஆனால் மற்ற நாளெல்லாம் டிவியில் அந்த ஒல்லி முகத்தையே பார்த்துப் பழகிவிட்ட கண்.

சதுரப் படம் தயாரிக்கச் சென்னைக்குப் போனேன். அங்கிருந்த எடிட்டர் பையன் காட்சிகளை விரித்து, ஓரங்களை வெட்டிக்கொண்டே வந்தான். முதல் நாள் எடுத்ததில் உங்கள் கன்னம் பழையபடி நிறைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாக வலையபட்டியில் எடுத்தது வந்தது.

"தம்பி, இத இன்னும் விரிக்கலையே."

"விரிச்சாச்சு சார். அவருக்குப் பின்னாடி வண்டிச் சக்கரம் பாருங்க, வட்டமாத்தான இருக்கு?"

சக்கரம் வட்டமாகத்தான் இருந்தது.

வேலையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். மதினியும் நானும் உங்களை மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். "மருந்து எதுவும் எழுதலையா?" என்று மதினி கேட்டார். வலிக்கு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ் திருப்பத்தூரைத் தாண்டியது. பிறகு நீங்கள்தான் கேட்டீர்கள்: "படம் எப்பப்பா வருது?"

சென்னைச் சேனலில் வந்த அன்று கட்டிலில் சாய்ந்து பார்த்தீர்கள். வலையபட்டிக் காட்சி வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "நிறுத்துப்பா. அந்த ஆளு என்னைய விட நல்லா இருக்கான்."

மதினி டிவியை அணைத்தார். அந்த வருஷத்து ஈஸ்டர் பாஸ்கா வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அகலப் படம் வெளிநாட்டில் ஓடியதா என்றுகூட யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். என் விரல்கள் தாமாகவே மணிக்கட்டைச் சுற்றி அளவு பார்க்கும். பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் என் தம்பி, "என்னண்ணே, கைய விட மாட்டேங்கிற?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். மெலிவு தட்டுப்பட்டால் மட்டும் நான் என்ன செய்துவிடப் போகிறேன்? எனக்குத் தெரியாது, அண்ணே. ஆனாலும் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.