மலைப் பெட்டிக்குள் உன் கையெழுத்து

என் அன்பான சரசு மச்சாளுக்கு,

நேற்று உன் மகள் வதனி என்னை அந்த மலைக்குக் கூட்டிப் போனாள். ஸ்ட்ரோம்மன் ஊரைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால், நோர்வேக்காரரே அதிகம் எட்டிப் பாராத அதே மலைதான். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

ஏழு வருசத்துக்கு முன் நாம் ஏறிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் சப்பாத்து கடித்தது. "நீங்கள் இதிலை இருங்கோ மச்சாள், நான் உச்சியைப் பாத்திட்டு வாறன்" என்று என்னை ஒரு ஈரக் கல்லில் இருத்திவிட்டுப் போனாய். ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பி வந்து, உச்சியில் நின்று ஏரியைப் பார்த்தேன் என்றாய். அவ்வளவு கெதியில் யார் போய்வருவார்? அடுத்த வளைவோடு திரும்பிவிட்டுக் கதை விடுகிறாய் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு விட்டேனா? கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்கள் முன்னாலும் உன்னைப் பொய்க்காரி என்றேன். நீ சிரித்துக்கொண்டே பூசணிக்காயை வெட்டினாய். போன மாசியில் நீ கண்ணை மூடும்வரை அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்.

நேற்று அந்தக் கல்லைக் கண்டுபிடித்தேன். வளைவு தாண்டினால் உச்சி. ஐந்து நிமிடம்கூட இல்லை! கீழே ஏரி பளபளவென்று கிடந்தது.

உச்சியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு கொப்பி. ஏறுகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவார்களாம். ஆள் வராத மலை என்றபடியால் இத்தனை வருசத்திலும் கொப்பி பாதிகூட நிரம்பவில்லை. வதனி பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள்.

"மாமி, இஞ்சை பாருங்கோ. அம்மாவின்ரை எழுத்து."

தமிழில் எழுதியிருந்தாய்: 'சரசு. மச்சாள் கீழை இருக்கிறா. சொன்னால் நம்பமாட்டா.'

வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பிறகு நானும் சிரித்தேன். மூக்கைத் துடைத்தது குளிருக்கு.

நாலு பேர் முன் சொன்னதை நாலு பேர் முன்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் வாசிக்க இதை எழுதுகிறேன். நீ ஏறினாய், சரசு. பொய் சொன்னது நீ இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் வாயாலும் சொல்வேன். அன்று அங்கே இருந்தவர்களில் ஒருத்தியையும் விடமாட்டேன், பெயர் பெயராக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அங்கே ஒரு கொப்பி இருக்கிறது, போய்ப் பார் என்று ஏழு வருசத்தில் ஒரு சொல் சொன்னாயா? ஏன் சொல்லவில்லை? அதை நேரில் வந்துதான் கேட்பேன். இப்போதைக்கு அவசரம் இல்லை.

உன் அண்ணன் மனைவி,
பாக்கியம் மச்சாள்