புளியில் தெளிந்த எண்

ஞாயிறு, 14 ஜூன் 1992

லண்டன் ஹவுன்ஸ்லோவில் வாங்கி வந்த பழைய கார்பரேட்டரை இவர் நாளைக்குத் திருப்பிக் கொடுக்க இருந்தார். கராஜில் நிற்கும் அமெரிக்கக் காருக்கு அறுபத்தெட்டாம் ஆண்டுக்குரியதுதான் வேண்டுமாம். எந்த ஆண்டுக்குரியது என்று காட்டும் எண், இதன் கறுத்துப்போன பித்தளைத் தகட்டில் தெரியவேயில்லை. இரண்டு வருடமாகத் தேடிய மனிதர், மத்தியானம் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மகளும் நித்திரையானதும் நான் அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். உள்ள எண்ணும் அழிந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். ஒவ்வோர் இலக்கமாகத் தெளிந்து வந்தது.

இவரை எழுப்பிக் காட்டினேன். காரின் உதிரிப்பாகப் புத்தகத்தில் பார்த்தார். அறுபத்தெட்டுக்குரிய அதே எண்!

“என்னத்தாலை தேய்ச்சனீர்?”

“புளியாலை.”

“எஞ்சினுக்கும் ரசம் வைச்சிட்டீர்!”

“ஓம், உப்புப் போதுமோ எண்டு பாருங்கோ.”

பின்னேரம் முழுக்கப் பாடிக்கொண்டே அதை எஞ்சினில் பூட்டினார். அடுத்த கிழமை மகளையும் ஏற்றிக்கொண்டு எட்மண்டனில் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்கிறார். ஓடாத கார்தானே என்று இதுவரை நிம்மதியாக இருந்துவிட்டேன். காரின் பின் சீட்டில் சீட் பெல்ட் இல்லை. இன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனம் வரவில்லை. காலையில் கட்டாயம் சொல்லுவேன். முதலில் பெல்ட் பூட்டட்டும், பிறகு பிள்ளையை ஏற்றலாம்.