எல்லாரும் கனடா

ஜனவரி 10, சனி

காலையிலிருந்து தூறல். கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமான்ட் முழுக்க ஈரம். நடை இல்லை. இதை நானே எழுதுகிறேன், இந்த வயதில் கற்ற எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது, பரவாயில்லை. தமிழ் எழுத்து மருமகள் நித்யா சொல்லிக் கொடுத்தது. ஆங்கிலம், நூலக வகுப்பில்.

மாலை சம்பந்தி வந்தார். நித்யாவின் அப்பா. சான் ஹோசேயில் வெகுகாலமாக இருப்பவர். சனிக்கிழமை என்றால் இருவரும் டிவியில் சான் ஹோசே அணியின் ஐஸ் ஹாக்கி.

எனக்கு ஒருவனின் ஊர் தெரிய வேண்டும். தெரியாமல் எப்படிக் கைதட்டுவது? இதுவரை சம்பந்திதான் படித்துச் சொல்வார். "எந்த ஊருங்க இவன்?" "கனடா." அடுத்தவன்? "கனடா." இத்தனை பிள்ளைகளைக் கொடுத்த நாடு என்று மனதுக்குள் ஒரு கும்பிடு.

இன்று திரையில் பெயருக்குக் கீழே ஊர். கூட்டிப் படித்தேன். ஸ்வீ-டன். எழுந்தே நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். அடுத்தவன் ஃபின்லாந்து. அதற்கடுத்தவன் டல்லாஸ், டெக்சாஸ். என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர்! போன வருஷம் முழுக்க ஆடினானே இவன், அப்போதும் கனடா என்றுதானே சம்பந்தி சொன்னார்.

"சம்பந்தி, இவன் டல்லாஸ்ங்களா?"

போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு? கனடா."

ஜன. 11, ஞாயிறு

மழை விட்டது. வாங்க: கறிவேப்பிலை, நல்லெண்ணெய், பென்சில்.

பூங்கா பெஞ்சில் எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன், "ஹாக்கிங்களா? எல்லாம் கனடாப் பசங்க" என்று. உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள்.

சமையலறையில் நித்யா, ஸ்பீக்கர் போனில்:

"அப்பா, பார்த்துச் சொல்லக்கூடாதா? மாமா மூஞ்சியே சரியில்ல."

"நான் இங்க வந்தப்ப முக்கால்வாசி கனடாதாம்மா. அப்புறம் ஸ்வீடன், ரஷ்யான்னு வந்தானுங்க. இப்ப டெக்சாஸ், கலிஃபோர்னியாலகூட ஐஸ் தரை போட்டு ரிங்க் கட்டி லோக்கல் பசங்களே வரானுங்க. இதெல்லாம் அவருக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ணணுமா? கனடான்னா ஹேப்பியா தலையாட்டுவாரு."

ஆக, தெரியாமல் இல்லை. எல்லா ஊரும் தெரியும். எனக்குச் சொல்லத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

மதியம் ரசம் மட்டும்.

ஜன. 14, புதன்

மகளுக்கு போன். "உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் எங்க டீம்ல இருக்கான் கண்ணு!"

"இங்க மால்லயே ஐஸ் ரிங்க் இருக்குப்பா. யாரு சொன்னா உங்களுக்கு?"

"நானே படிச்சேன்."

போனிலேயே அழுகிறாள், பைத்தியம்.

ஜன. 17, சனி

வெயில். முழங்கால் பரவாயில்லை. சம்பந்தி முறுக்கு கொண்டுவந்தார். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். இரண்டு முறுக்கு தின்றேன்.

புதுப் பையன் ஒருவன் கோல் போட்டான். நல்ல கோல்.

"யாரு சம்பந்தி இவன்? எந்த ஊருன்னு போட்டிருக்கான்?" என்று அவரே கேட்டார்.

கூட்டிப் படித்தேன். இன்னொரு முறையும்.

"கனடாங்க."

முறுக்கைத் தட்டில் வைத்தார். "சரி. எனக்கு இது நல்லா வேணும்" என்றார்.

நிஜமாகவே கனடாதான். குத்திக்காட்ட நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.